போகிக்குப் போட்ட மெஷின்

மார்கழி பிறந்தால் மேனாம்பேட்டில் எல்லோருக்கும் இருமல் வரும். வனஜாவுக்கு மட்டும் முகத்தில் ஒரு களை வரும். கெட்ட மனசுக்காரி என்று உடனே முடிவுகட்டிவிட வேண்டாம். கெட்ட மனசு அவளுக்குக் கொஞ்சம் உண்டுதான். ஆனால் அந்தக் களைக்குக் காரணம் வேறு.

விடிந்ததும் விடியாததுமாக மொட்டை மாடிக்கு ஏறி, மூன்று தெரு தள்ளி நிற்கிற தண்ணீர்த் தொட்டியைத் தேடுவாள். தொட்டி முழுசாகத் தெரிந்தால் அது சாதாரண நாள். மங்கலாகத் தெரிந்தால் பத்து மணிவரை புகை நிற்கும். தொட்டியே காணோம் என்றால் அன்றைக்கு யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். வெறும் பனியாக இருந்தால் வெயில் வந்ததும் ஓடிவிடும். இது எஸ்டேட் ஃபேக்டரிகளின் புகை, பைபாஸ் லாரிகளின் புகை, காலி மனையில் கொளுத்துகிற குப்பையின் புகை எல்லாம் பனியோடு சேர்ந்து தெருவிலேயே படுத்துக்கொள்வது. அண்ணனூர்ப் பக்கம் ரயில் ஹாரன் அடிப்பது கேட்கும், ரயில் இருக்கிற இடம் தெரியாது.

தட்டுகிறவர்கள் தாய்மார்கள். இடுப்பில் ஒரு பிள்ளை இருக்கும், அதன் நெஞ்சு கொர்கொர் என்று இழுக்கும். வனஜா வீட்டில் நெபுலைசர் மெஷின் இருந்தது. ஒரு சின்ன டிபன் கேரியர் அளவுக்குப் பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய், குழாய் முனையில் மூக்கையும் வாயையும் மூடுகிற மாஸ்க். உள்ளே மருந்தை ஊற்றி சுவிட்சைப் போட்டால் மருந்து ஆவியாக வரும். பத்து நிமிஷத்தில் பிள்ளை அடங்கும். அந்தத் தெருவில் பன்னிரண்டு வருஷமாக அந்த மெஷின் ஒன்றுதான். அதனால் வனஜாவுக்கு 'மெஷின் அம்மா' என்று பேர்.

சட்டதிட்டம் வைத்திருந்தாள். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு இல்லாமல் யாருக்கும் வைக்க மாட்டாள். மருந்து அவரவருடையது, மாஸ்க்கும் அவரவருடையது. ஒவ்வொரு பிள்ளையின் மாஸ்க்கையும் வெந்நீரில் கழுவி, காயவைத்து, பேர் எழுதிய கவரில் போட்டு, கூடத்துச் சுவரில் அடித்த ஆணியில் மாட்டிவைப்பாள். ஏழு ஆணிகள். ஒரு மார்கழியில் ஏழும் நிறைந்திருந்ததைப் பார்த்துக்கொண்டே அவள் இரண்டு தோசை கூடுதலாகத் தின்றதுண்டு.

பொறாமை அவளுக்குப் புதுசு இல்லை, அது கூடப் பிறந்தது. வயல் வேலைக்குப் போன குடும்பம். அந்த வயல் இப்போது பிளாட்டாகி, பால்கனியில் துணி காய்கிறது. அக்கா சாமுண்டீஸ்வரிக்கு மாமா வாங்கி வந்த மஞ்சள் பாவாடையைப் பார்த்து மூன்று நாள் காய்ச்சலில் படுத்தவள் வனஜா. எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தபோது பக்கத்து டேபிள்காரியைச் சூப்பர்வைசர் பேர் சொல்லிக் கூப்பிட்டதற்காக ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. நாத்தனார் கழுத்து, ஓரகத்தி சமையலறை, எதிர்வீட்டு வாட்டர் ஹீட்டர், எல்லாவற்றிலும் அவள் கண் ஒரு சுற்றுச் சுற்றி வரும். நல்லதைப் பார்த்தால் நமக்கும் ஆசையாகத்தான் இருக்கும். வனஜாவுக்கு ஆசையோடு நிற்காது, வயிறு எரியும்.

மகன் சந்தோஷுக்குச் சின்ன வயசில் வீசிங். மார்கழி வந்தால் ராவெல்லாம் உட்கார்ந்தே தூங்குவான். அவனுக்காக வேலையை விட்டாள். கணவன் கஜபதி எஸ்டேட்டில் லேத் ஆபரேட்டர். ஒரு தீபாவளி போனஸை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்து அந்த மெஷினை வாங்கிவந்தான். பையன் வளர்ந்தான், இழுப்பு நின்றது, மெஷின் மிச்சமானது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒருநாள் வைத்தாள், அப்புறம் அதற்கடுத்த வீட்டுப் பிள்ளைக்கு. புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டு வீட்டோடு கிடந்தவளை, வருஷத்தில் மூன்று மாதம் ஒரு தெருவே தேடியது. பிறந்ததிலிருந்து அடுத்தவளிடம் இருப்பதையே பார்த்து ஏங்கியவளிடம், முதல்முறையாக அடுத்தவளிடம் இல்லாத ஒன்று இருந்தது. அந்த ருசியை விடுவாளா?

சந்தோஷ் போன ஆவணியில் ஓசூரில் வேலைக்குப் போய்விட்டான். கஜபதிக்கு ஷிஃப்ட் மாறி மாறி வரும். வீடு வெறிச்சென்று கிடந்தது. இனி புகை வந்தால்தான் ஆள் வரும் என்று வனஜா நாளை எண்ணினாள். கார்த்திகையிலேயே மெடிக்கல் ஷாப்பில் போய், குழாயும் பெரிய மாஸ்க்கும் சின்ன மாஸ்க்கும் சேர்ந்த புது பாக்கெட் ஒன்று வாங்கிவந்து பீரோவில் வைத்தாள். சின்னது மோகனப்பிரியாவின் மகள் காவ்யாவுக்கு. காவ்யாவுக்கு அஞ்சு வயசு. மெஷின் போடும் சத்தத்துக்காக வனஜாவை 'டுர்ர் அத்தை' என்று கூப்பிடும். மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, மடியில் வனஜாவின் பட்டன் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு, நிறம் நிறமாகப் பிரித்து வைக்கும். முதல் ஆணி அவளுடையது.

அந்தக் கார்த்திகையில்தான் எதிர்வீட்டு மாடிக்கு ஷர்மிளா குடிவந்தாள்.

கணவன் கார்த்திகேசனுக்கு ஆவடி டிஃபென்ஸ் ஃபேக்டரியில் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை வாடகை வீடு. அவள் ஊர் கோவளம். அங்கே ஒரு ரிசார்ட்டில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தவள், அதனால் நிற்பதும் பேசுவதும் ஒரு தினுசாக இருக்கும். கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை. வந்த முதல் வாரத்திலேயே கீழ்வீட்டுப் பையனுக்கு இழுத்தபோது, கைக்குள் அடங்குகிற ஒரு மெஷினை எடுத்துக்கொண்டு இறங்கிவந்தாள். அதற்கு ஒயர் கிடையாது, சத்தமும் கிடையாது. பிள்ளை தூங்கும்போதே வைத்துவிடலாம். தாய்மார்கள் அவள் வீட்டுக்குப் போகவேண்டியதில்லை, போன் பண்ணினால் அவளே வந்துவிடுவாள்.

தெரு அவளிடம் கவிழ்ந்துவிட்டது. மார்கழி பிறந்து பத்து நாள், தொட்டி எட்டு நாள் காணாமல் போனது, ஒருத்தியும் வனஜா வீட்டுக் கதவைத் தட்டவில்லை. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, புகைக்குள் ஷர்மிளா சால்வையைப் போர்த்திக்கொண்டு ஒவ்வொரு வீடாக ஏறி இறங்குவதை வனஜா பார்த்தாள். கையில் ஊசி இருந்தது, ஃபால்ஸோடு சேர்த்து விரலையும் தைத்துக்கொண்டாள்.

"இன்னாமே, ஜன்னல்லயே குடித்தனம் பண்ற?" என்றான் கஜபதி.

"பாரேன் அவள. புள்ள பெத்தவளா அவ? வீசிங்னா இன்னான்னு தெரியுமா அவளுக்கு? கடல்காத்துல வளந்த நெஞ்சு, ஜோரா மூச்சு உட்டுகினு போறா. நான் என் புள்ளைய தோள்ல போட்டுகினு உக்காந்தே விடிஞ்சவ."

"ஊருக்கு நல்லது தானே பண்ணுது அந்தப் பொண்ணு."

"ஆமா, நீயும் போய் அவளுக்கு ஒரு மால போட்டுட்டு வா."

கஜபதி துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான். அவனுக்குப் பழக்கம்.

பிள்ளை பெறாதவளிடம் அந்த மெஷின் எதற்கு வந்தது என்று வனஜாவுக்கு ஒருதரம்கூடத் தோன்றவில்லை. தெருவில் யாருக்கும் தோன்றவில்லை. நர்சுக்குப் படித்திருப்பாள் என்று ஒருத்தி சொன்னாள், மற்றவர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். பொறாமை பிடித்தவளுக்கு எதிராளியிடம் இருப்பது மட்டும்தான் கண்ணில் படும். அது ஏன் அவளிடம் இருக்கிறது என்று பார்க்க நேரம் ஏது?

போகிக்கு முதல் நாள் காலை, கோலம் போடும்போது மோகனப்பிரியா அகப்பட்டாள். காவ்யா அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா, புள்ளைக்கு இழுக்குது போலக்கீதே. இட்டாறதுதானே? புது மாஸ்க்கு வாங்கி வெச்சிக்கீறேன்" என்றாள் வனஜா. சாதாரணமாகக் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

மோகனப்பிரியா கோலப்பொடி டப்பாவைக் கை மாற்றிக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. ஷர்மிளா வெச்ச ஒடனே புள்ள தூங்கிடுது. உங்க மெஷின் சத்தத்துக்கு அது பயந்துக்குதுக்கா."

"பயந்துக்குதா? காவ்யாவா?"

"முன்னல்லாம் வேற வழி இல்ல, பொறுத்துகினு கெடந்துச்சு."

வனஜா கோலப்பொடியைக் கீழே வைத்தாள். கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே வந்தாள். பட்டன் டப்பாவைப் பிரித்து நிறம் பார்த்த குழந்தை பயந்துகொண்டா இருந்தது? இத்தனை வருஷமும் ஏழு ஆணிகளும் வேறு வழி இல்லாமல்தான் நிறைந்தனவா? அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அவள் துடைக்கவும் இல்லை. அவ்வளவு வலித்தது.

சாயங்காலம் மாநகராட்சி வண்டி ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்தது. பழைய பாய், துணி, டயர், டியூப் எதையும் போகிக்குக் கொளுத்தாதீர்கள், எங்களிடம் கொடுங்கள் என்று ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. தூய்மைப் பணியாளர் துலுக்கானம் வண்டியின் பின்னால் நடந்துவந்து ஒவ்வொரு வாசலிலும் நின்றார். ஜனங்கள் கிழிந்த தலையணையும் ஒடிந்த நாற்காலியும் கொண்டுவந்து போட்டார்கள். வனஜா உள்ளே போய் ஒரு பழம்பாயை எடுத்தாள். அதோடு, குழாயும் ஒயரும் சுற்றியபடியே மெஷினையும் எடுத்துவந்தாள்.

துலுக்கானம் வாங்கிப் பார்த்தார். "இன்னாம்மா இது, மோட்டாரா? ஓடுமா?"

"ஓடும்."

"ஓடுறத ஏம்மா போடற?"

"பழசு. போகிக்கு பழசத்தான போடணும்? நீ போடு."

கஜபதி நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போயிருந்தான். ஒருதரம் மெஷின் நின்றுபோனபோது, உள்ளே தேய்ந்த பாகத்தை லேத்தில் தானே கடைந்து மாட்டியவன் அவன். அவன் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டான். வண்டி தெருக்கோடி திரும்பும்வரை வனஜா பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வெறும் கோபத்தில் போடவில்லை, அதற்குள் ஒரு கணக்கு இருந்தது. நாளைக்குப் போகி. எவ்வளவு சொன்னாலும் விடியற்காலையில் நாலு பேர் டயரைக் கொளுத்தத்தான் போகிறார்கள். ஏழு பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் இழுக்கும். ஷர்மிளா ஒருத்தி, மெஷின் ஒன்று, எத்தனை வீட்டுக்குத்தான் ஓடுவாள்? அப்போது இங்கே வந்து தட்டுவார்கள். தட்டட்டும்.

பாத்திரம் தேய்க்கும்போது அந்தப் பதிலை வாய்விட்டே சொல்லிப் பார்த்தாள். "மெஷினா? அத்த போகிக்குப் போட்டுட்டேனே. பழசு தானே!" அந்த 'தானே'யில் லேசாக ஒரு சிரிப்பு வரவேண்டும். நாலைந்து தரம் சொன்னபிறகு சரியாக வந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

போகி விடிந்தது என்று சொல்ல முடியாது. மணி ஆறானது, அவ்வளவுதான். பிள்ளைகள் மேளம் தட்டுகிற சத்தம் நாலா பக்கமும் கேட்டது. எங்கேயோ டயர் எரிகிற நாற்றம் மூக்கில் ஏறியது. வனஜா மாடிக்குப் போனாள். தொட்டி இல்லை. மூன்று தெருவும் இல்லை. எதிர்வீட்டு மாடியே இல்லை, ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் அந்தரத்தில் தொங்கியது. கண் எரிந்தது. இப்படி ஒரு புகையை அவள் பார்த்ததில்லை. வேண்டிக்கொண்டது கொஞ்சம் அதிகமாகவே பலித்துவிட்டதோ என்று முதல்முறையாக உள்ளுக்குள் உதைத்தது.

கீழே கதவு தட்டப்பட்டது.

ஓட்டமாக இறங்கினாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள், பதிலை ஒருதரம் நாக்கில் உருட்டிக்கொண்டாள், நிதானமாகத் தாழ்ப்பாளைத் திறந்தாள்.

கார்த்திகேசன் நின்றிருந்தான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஷர்மிளா. சால்வை கீழே இழுபட்டுக்கொண்டிருந்தது. வாய் திறந்திருந்தது, கழுத்து எலும்புக்கு மேலே சதை குழிந்து குழிந்து எழுந்தது. அந்தக் குழியை வனஜாவுக்குத் தெரியும். சந்தோஷின் கழுத்தில் ஆறு வருஷம் பார்த்தது.

"அக்கா, உங்க மெஷின்" என்றான் கார்த்திகேசன். "இன்ஹேலர் பம்ப் அடிச்சும் இழுப்பு நிக்கலக்கா. ஆம்புலன்ஸ் சொல்லிட்டேன், வந்துட்டிருக்கு. பைக்ல இவளால உக்கார முடியல."

"இவளுக்கா? இவளுக்கு வீசிங்கா?"

"சின்னதுலேர்ந்து இல்லக்கா, நாலஞ்சு வருஷமா. அந்த மெஷின் இவளுக்கு வாங்குனதுதான். நேத்து மோகனப்பிரியா புகைக்குப் பயந்து புள்ளைய பாரிவாக்கத்துக்கு அவங்க அம்மா ஊட்டுக்கு இட்டுனு போனாங்க. புள்ளைக்கு வேணும்னு இவதான் மெஷினக் கொடுத்து அனுப்பிட்டா. கேட்டா, எதிர்ல அக்கா ஊட்ல ஒண்ணு கீதுல்லன்னு சொன்னா."

எதிர்ல அக்கா வீட்டில் ஒன்று இருக்கிறது. அதை நம்பித்தான் கொடுத்திருக்கிறாள். வனஜா தேய்த்து மெருகேற்றி வைத்திருந்த பதில் தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கியது. நல்ல வேளை, வெளியே வரவில்லை.

"உள்ள உக்கார வையி. முன்னால சாஞ்சி உக்காரச் சொல்லு, படுக்க வெக்காத. பீரோல மேல்தட்டுல புது பாக்கெட் கீது, எடுத்து வையி. தோ வரேன்."

"மெஷின் எங்கக்கா?"

"வரேன்னு சொன்னேன்ல!"

செருப்புகூடப் போடவில்லை. நாற்பத்தாறு வயசுக்கு அவள் ஓடிய ஓட்டத்தைப் புகை மறைத்தது, இல்லாவிட்டால் தெரு கைகொட்டிச் சிரித்திருக்கும். தெருக்கோடியில் குப்பை பிரிக்கிற கொட்டகை. வாசலில் மலைபோலப் பாயும் தலையணையும் டயரும். துலுக்கானம் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணாத்தே! நேத்து குடுத்தேனே, மோட்டாரு, எங்க அது?"

"தோ, இதுல எங்கயோ கீது. ஏம்மா, நேத்துதான் வேணாம்னு குடுத்த?"

"உயிரு போவுதுய்யா ஒருத்திக்கு! அப்பால கேளு, இப்ப தேடு!"

துலுக்கானம் லாரிமேல் ஏறினார். வனஜா கீழே இருந்த குவியலில் இறங்கினாள். ஊரார் மூத்திரம் காய்ந்த மெத்தை, எலி கடித்த பை, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய டயர் எல்லாவற்றையும் வாரிவாரி எறிந்தாள். மூச்சு முட்டியது. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தக் கழுத்துக் குழி கண்ணில் வந்தது. அவள் செத்துப்போனால் நான்தான் கொன்றேன் என்று நினைத்தாள். அது அவள் வாழ்க்கையிலேயே பொறாமை கலக்காமல் நினைத்த முதல் நினைப்பு.

அவளுடைய பாயேதான் காட்டிக்கொடுத்தது. சிவப்புக் கோடு போட்ட பாய், அதற்கடியில் குழாய் நுனி. பிடித்து இழுத்து, பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி ஓடினாள்.

பிளக்கைச் செருகினாள். குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புது பாக்கெட்டைப் பல்லால் கிழித்தாள். புதுக் குழாய், பெரிய மாஸ்க். கார்த்திகேசன் நீட்டிய மருந்தை ஊற்றி, சுவிட்சைப் போட்டாள். டுர்ர்ர் என்று வீடே அதிர்ந்தது. கஜபதி கடைந்த பாகம் ஒரு ராத்திரி குப்பையில் கிடந்ததைப் பற்றிக் கவலைப்படவில்லை.

ஷர்மிளாவின் முதுகைத் தாங்கிக்கொண்டு வனஜா உட்கார்ந்தாள். மாஸ்க்குக்குள் வெள்ளையாக ஆவி நிரம்பியது. கொஞ்சம் கொஞ்சமாகக் கழுத்துக் குழி ஆழம் குறைந்தது. அப்போது ஷர்மிளாவின் கண் மெஷின்மேல் விழுந்தது. பெட்டியின் அடியில் டயர்க் கரி அப்பியிருந்தது, பக்கவாட்டில் பாயின் சிவப்புக் கோரை நார் ஒன்று ஒட்டியிருந்தது. வனஜாவின் கை முழங்கைவரை கறுப்பு. ஷர்மிளா அந்தக் கையைப் பார்த்தாள், அப்புறம் வனஜாவின் முகத்தைப் பார்த்தாள். மெதுவாகக் கையை நீட்டி, கோரை நாரை எடுத்துத் தன் உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. இப்போது பயமில்லை, இருந்தாலும் ஒருநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று அழைத்துப்போனார்கள்.

காணும் பொங்கலன்று ஷர்மிளா தெருவில் இறங்கினாள். ஊர்சுற்றக் கிளம்பிய பெண்கள் எல்லோரும் வனஜா வீட்டு வாசலில் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். மோகனப்பிரியா அழுதேவிட்டாள். காவ்யா தன் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு நின்றது.

"உனக்கே மூச்சு வுட முடியாதப்ப என் புள்ளைக்குக் குடுத்தியேம்மா. ஏன் சொல்லல?"

"சொன்னா சீக்காளின்னு பேர் வரும்க்கா. குழந்தை இல்லங்கற பேச்சே போதும்னு இருந்தேன்."

"கடல் பக்கம் நல்ல காத்துன்னு சொல்லுவாங்களே, உனக்கு எப்படிம்மா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. மார்கழி, தையில எங்க பக்கமும் விடியக்காலைல கடலே தெரியாது. ரிசார்ட்ல கெஸ்ட்டுங்களுக்கு மணல்ல கட்டை போட்டுக் கொளுத்துவாங்க, பின்பக்கம் குப்பைய எரிப்பாங்க. சீசன் பூரா அந்தப் புகையில நின்னு சிரிச்சிக்கிட்டே குட்மார்னிங் சொல்றது என் வேலை. அங்க புடிச்சதுதான் இது."

"இன்னா மனசு, இன்னா மனசு" என்றார்கள் பெண்கள். ஒருத்தி திருஷ்டி கழித்தாள். வாசற்படியில் நின்ற வனஜாவை ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு வயிற்றில் பழைய எரிச்சல் புகைய ஆரம்பித்தது. ஓடியவள் யார், குப்பைக்குள் விழுந்தவள் யார், பேர் வாங்குகிறவள் யார்?

ஷர்மிளா திரும்பினாள். "என்னை ஏன் சொல்றீங்க? வனஜாக்காதான் அன்னிக்கு என்னைக் காப்பாத்துனாங்க. மெஷின ரெடியா வெச்சிருந்தாங்க. போன உடனே மாட்டிட்டாங்க."

எல்லோரும் வனஜாவைப் பார்த்தார்கள். இத்தனை நாள் அவள் ஏங்கிய பார்வை. மோகனப்பிரியா கைகூப்பினாள். கேட்டது கிடைத்துவிட்டது, பேசாமல் வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதானே? ஆனால் வனஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவள் தெரிந்தே பொய் சொல்கிறாள். என் மானத்தைக் காப்பாற்றுகிறாளாம். பிள்ளைகளை வாங்கிக்கொண்டாள், பேரை வாங்கிக்கொண்டாள், இப்போது பெருந்தன்மையிலும் இவளே முந்திக்கொள்ள வேண்டுமா? இவள் போட்ட பிச்சையில் நான் மெஷின் அம்மாவாக இருக்கவேண்டுமா?

"ரெடியா ஒரு மண்ணும் இல்ல" என்றாள் வனஜா. "மொத நாளே குப்ப வண்டில தூக்கிப் போட்டுட்டேன். நீங்கள்லாம் வந்து தட்டணும், இல்லன்னு சொல்லணும்னு போட்டேன். இவ மேல பொறாம. அப்பால போய்க் குப்பையில பொரட்டி எடுத்தாந்தேன். துலுக்கானத்தக் கேளுங்க."

 ஒருத்தி "அடிப்பாவி" என்று முணுமுணுத்தாள். வனஜா வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டு வருஷத்துப் பேர் ஒரு நிமிஷத்தில் போய்விட்டது. அவமானமாக இருந்தது. கூடவே, இதை ஷர்மிளாவால் செய்ய முடியாது என்கிற ஒரு திருப்தியும் இருந்தது.

"தெரியும்க்கா" என்றாள் ஷர்மிளா.

"தெரியும்னா, ஏண்டி அப்படிச் சொன்ன?"

"அன்னிக்கு நீங்க கதவத் தொறந்து இல்லன்னு சொல்லிருந்தா நான் இல்ல. நீங்க சொல்லல. வேற என்னக்கா வேணும் எனக்கு?"

 மறுபடியும் அவளே ஜெயித்துவிட்டாள், சனியன். கண்ணில் நீர் வந்தது. பொறாமையா, வெட்கமா, அன்பா என்று பிரித்துச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே போய்விட்டாள். தெரு மெல்லக் கலைந்தது.

கூடத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது காலடிச் சத்தம் கேட்டது. காவ்யா வந்து நின்றது. நேராகத் தையல் மெஷின்மேல் இருந்த பட்டன் டப்பாவை எடுத்து, தரையில் கவிழ்த்து, சிவப்பைத் தனியாகப் பொறுக்க ஆரம்பித்தது. பின்னாலேயே ஷர்மிளா. கையில் கழுவிக் காயவைத்த அந்தப் பெரிய மாஸ்க், ஒரு கவரில். கவரின்மேல் பேனாவால் தன் பேரை எழுதியிருந்தாள்.

"மாசி வரைக்கும் இந்தப் புகை விடாதுன்னு டாக்டர் சொன்னாரு. அந்தச் சின்ன மெஷின் பிள்ளைங்களுக்குச் சுத்தட்டும். எனக்கு இது இங்கயே இருக்கட்டும்க்கா. இந்தச் சத்தம் கேட்டா தைரியமா இருக்கு."

வனஜா கவரை வாங்கினாள். பேரை ஒருதரம் படித்தாள், கையெழுத்துக்கூட அழகாகத்தான் இருந்தது. எழுந்து சுவருக்குப் போனாள். ஏழு ஆணியும் காலியாக இருந்தன. காவ்யாவின் முதல் ஆணிப் பக்கம் போன கை கொஞ்சம் தயங்கியது. தரையில் பட்டன் பொறுக்கிக்கொண்டிருந்த காவ்யாவை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, ஷர்மிளாவின் கவரை மூன்றாவது ஆணியில் மாட்டினாள்.